எண்ணெய் படிந்த கைகள் எழுத்தறியாக் கைகளா?

கல்வி ஏட்டில் தொடங்கி ஏட்டிலேயே முடிவது என்னும் எண்ணம் மலேசியத் தமிழ்ச் சமுதாயத்தில் வேரூன்றி நெடுங்காலமாகிவிட்டது. தேர்வில் நல்ல புள்ளி பெற்றவன் அறிவுடையவன். பெறாதவன் கையை நம்பிப் பிழைக்க வேண்டியவன் என்று பிள்ளைகளை இரு கூறாகப் பிரித்துவிட்டு, அந்தப் பிரிவினைக்கு முன்னேற்றம் என்று பெயரும் சூட்டியாகிவிட்டது. "ஒழுங்காகப் படி, இல்லாவிட்டால் மோட்டார்ப் பட்டறைக்குத்தான் போவாய்" என்னும் மிரட்டலைக் கேளாமல் வளர்ந்த தமிழ்ப்பிள்ளை இந்நாட்டில் அரிது. பெற்றோர் சொன்னால் அறியாமை என்று பொறுத்துக்கொள்ளலாம். வகுப்பறையில் நின்று ஆசிரியரே சொல்லும்போது அது கொள்கையாகிவிடுகிறது.

அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு அநீதிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, பட்டறையைத் தண்டனைக் கூடமாக்குகிறது. மற்றொன்று, படிப்பைத் தண்டனையிலிருந்து தப்பும் சுரங்க வழியாக்குகிறது. முதலாவது உழைப்பை இழிவுபடுத்துகிறது. இரண்டாவது கல்வியையே இழிவுபடுத்துகிறது. இதனை மெய்ப்பிக்க நெடிய தத்துவம் வேண்டியதில்லை. மகிழுந்தின் தானியங்கிக் கியர்ப்பெட்டியை வீட்டிலேயே பிரித்து, பழுது நீக்கி, மீண்டும் பூட்டும் ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அதனுள் எத்தனை கல்வி அடங்கியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

பேராவில் ஒரு வேலை

1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் ஊன்றப்பட்ட மாநிலம் பேரா. அந்த மரம் தோட்டங்களாகப் பெருகித் தமிழரை அழைத்தது. பின்னர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கு மாறியும், வீட்டுமனைகளாக உருமாறியும் அதே தமிழரை வெளியேற்றியது. சுங்கை சிப்புட்டிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை, பழைய தோட்டப்பெயரை மட்டும் சுமந்துகொண்டு நிற்கும் குடியிருப்புகள் பல. ஈப்போவின் புந்தோங் போன்ற பகுதிகளிலும், அந்தக் குடியிருப்புகளிலும், வீட்டின் முன்புறக் கூரைக்கு அடியில் மகிழுந்தைத் தாங்கிகளின்மேல் நிறுத்திவிட்டு வேலை செய்யும் இளைஞரைக் காண்பது அரிதன்று. வழக்கில் இவர்களுக்குப் 'போர்மன்' என்று பெயர். அப்பெயரில் மதிப்பு இருப்பதுபோல் தோன்றும். பெண் பார்க்கும்போதும், பள்ளி விழாவில் முன்னாள் மாணவரை மேடையேற்றும்போதும் அம்மதிப்பு எங்கே போய் ஒளிகிறது என்பது எல்லாரும் அறிந்ததே.

1985இல் புரோட்டோன் சாகா வெளிவந்தபின், பிறகு 1994இல் பெரோடுவா கான்சில் வந்தபின், தோட்டத்து எளிய குடும்பங்களும் பழைய மகிழுந்து ஒன்றை வாங்கும் நிலைக்கு வந்தன. இன்று இந்நாட்டில் விற்பனையாகும் புதிய மகிழுந்துகளில் மிகப் பெரும்பாலானவை தானியங்கிக் கியர் உடையவை. அவை பழையனவாகிக் கைமாறி வரும்போது, ஒரு நாள் கியர் வழுக்கத் தொடங்குகிறது. பொறி இரைகிறது, வண்டி நகர மறுக்கிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால், பல ஆயிரம் வெள்ளி கொடுத்து முழுப்பெட்டியை மாற்று என்கிறார்கள். அல்லது ஜப்பானில் கழிக்கப்பட்ட மகிழுந்துகளிலிருந்து வெட்டியெடுத்து இறக்குமதியாகும் 'ஹாப் கட்' பெட்டியைப் பூட்டிக்கொள் என்கிறார்கள். வண்டியின் விலையில் பாதி அதற்கே போய்விடும். அந்த வண்டி இல்லாவிட்டால் வேலைக்குப் போக வழியில்லை. தோட்டத்தைவிட்டு வந்தபின் வேலையும் பள்ளியும் மருத்துவமனையும் நடை தூரத்தில் இல்லை. ஆகவே அந்தப் பெட்டியைத் திறக்கத் துணிகிற இளைஞன் பொழுதுபோக்குக்காகத் திறக்கவில்லை. ஒரு குடும்பத்தின் மாதச் செலவு அவன் கைச்சாவியில் தொங்குகிறது.

பெட்டிக்குள் இருக்கும் படிப்பு

அவன் திறப்பது எளிய பெட்டியன்று. அதனுள் மூன்று அறிவுத்துறைகள் கூடி வாழ்கின்றன.

முதலாவது பாய்ம இயக்கம். பொறியையும் கியரையும் இணைப்பது இரும்புத் தண்டன்று, சுழலும் எண்ணெய். ஒரு விசிறி எண்ணெயைச் சுழற்றி வீச, எதிரேயுள்ள மற்றொரு விசிறி அவ்வீச்சை வாங்கிச் சுழல்கிறது. இடையில் நிற்கும் மூன்றாவது, திரும்பிவரும் எண்ணெயின் போக்கைத் திருத்திச் சுழல்விசையைப் பெருக்குகிறது. இதுவே முறுக்குவிசை மாற்றி. ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபொட்டிங்கர் 1905இல் கப்பல்களுக்கென்று காப்புரிமை பெற்ற கருத்து இது. பெருங்கப்பலுக்காகப் பிறந்த கருத்து இன்று கான்சிலின் வயிற்றிலும் குடியிருக்கிறது.

இரண்டாவது கோட்பற்சக்கரத் தொகுதி. நடுவில் ஒரு சூரியச் சக்கரம். அதைச் சுற்றிக் கோள்கள். கோள்களைத் தாங்கும் ஒரு தாங்கி. எல்லாவற்றையும் அணைத்து நிற்கும் ஒரு வளையம். ஒன்றைப் பிடித்து நிறுத்தி, ஒன்றை இயக்கினால், மற்றொன்றில் வேகம் மாறி வெளிப்படும். எதைப் பிடிக்கிறோமோ அதற்கேற்பக் கியர் மாறும். தாங்கியைப் பிடித்து நிறுத்திச் சூரியனைச் சுழற்றினால் வளையம் எதிர்த்திசையில் சுழலும். வண்டி பின்னோக்கிச் செல்லும். எவையேனும் இரண்டைப் பூட்டிவிட்டால் தொகுதி முழுவதும் ஒரே உடலாகச் சுழலும். வானியலும் விகிதக் கணக்கும் இந்த வட்டத்துக்குள் கைகோத்து நிற்கின்றன. பின்னங்களைக் கண்டு அஞ்சும் ஐந்தாம் ஆண்டு மாணவனுக்கு இதைவிட நல்ல கருவி எது?

மூன்றாவது ஏவல் முறை. எதை, எப்போது பிடிப்பது, எப்போது விடுவது என்று முடிவு செய்வது வால்வுத் தொகுதி. நரம்பு மண்டலம்போல் நெளிந்தோடும் கால்வாய்கள், விற்சுருள்கள், அங்குமிங்கும் தூங்கும் சிறு எஃகுக் குண்டுகள் ஆகியவற்றின் வழியே எண்ணெய் அழுத்தம் செய்தியாகச் செல்கிறது. 1939இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ், 1940ஆம் ஆண்டின் ஓல்ட்ஸ்மொபில் வண்டிகளுக்கென ஹைட்ரமேட்டிக் என்னும் தானியங்கிக் கியரை வெளியிட்டது. அப்போது இன்றுள்ள கணினிச் சில்லு எதுவும் இல்லை. எண்ணெயே கணித்தது, எண்ணெயே முடிவெடுத்தது. மின்னணுக் கட்டுப்பாடு பின்னாளில் வந்து சேர்ந்தது. ஆயினும் ஆணையை நிறைவேற்றுவது இன்றும் எண்ணெய் அழுத்தம்தான்.

இவற்றை அறியாமல் அந்தப் பெட்டியைப் பிரிக்கலாம், பூட்ட முடியாது. பூட்டி ஓட்டிக் காட்டியவனைப் 'படிக்காதவன்' என்று அழைக்கும் சொல்லில் பிழை இருக்கிறதா, அவனிடத்தில் பிழை இருக்கிறதா என்று மொழி கற்பிப்போரே தீர்ப்புச் சொல்லட்டும்.

முற்றத்தில் நடக்கும் தேர்வு

வேலையின் ஒழுங்கையும் நோக்க வேண்டும். பிரிப்பதற்கு முன்பே நோயறிதல் தொடங்குகிறது. எண்ணெய்க் கோலை உருவி நிறத்தையும் மணத்தையும் ஆராய்கிறான். செந்நிறம் கறுத்துக் கருகல் நெடி வீசினால் உராய்வுத் தட்டுகள் எரிந்திருக்கின்றன. அடித்தட்டைக் கழற்றி அதிலுள்ள காந்தத்தைப் பார்க்கிறான். மெல்லிய சாந்துபோன்ற இரும்புப்பொடி படிந்திருந்தால் இயல்பான தேய்மானம். செதில் செதிலாக உலோகம் கிடந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது. அறிகுறியிலிருந்து காரணத்தை நோக்கி நடக்கும் இந்த நடை, தருக்க நூலார் புகையைக் கண்டு நெருப்பை அறிந்த அதே நடையாகும்.

பிறகு ஒழுங்கு. கழற்றும் ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே அடுக்கி, எண்ணிட்டு, படமெடுத்து வைக்கிறான். வால்வுத் தொகுதியைத் திறக்கும்போது எஃகுக் குண்டு ஒன்று உருண்டு இடம் மாறினால், வெளித்தோற்றத்தில் எல்லாம் சரியாக இருக்கும். வண்டி மட்டும் மூன்றாம் கியருக்குப் போகாது. ஓர் ஒற்று மிகுந்தாலும் குறைந்தாலும் பொருள் திரிந்துவிடும் என்று புணர்ச்சி இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியருக்கு இந்த நுட்பம் புதிதன்று.

தூய்மை அதற்கு அடுத்தது. துணியின் ஒரு நூலிழை கால்வாயை அடைத்துவிடும். ஆகவே நூல் உதிரும் துணியால் துடைப்பதில்லை. புதிய உராய்வுத் தட்டுகளை அப்படியே பூட்டுவதில்லை. உரிய எண்ணெயில் ஊறவைத்துப் பின்னரே பூட்டுகிறான். உலர்ந்த தட்டு முதல் ஓட்டத்திலேயே கருகிவிடும். தட்டுகளை அடுக்கியபின் இடைவெளியை அளக்கிறான். அளவு மில்லிமீட்டரின் பின்னத்தில் இருக்கிறது. மிகுந்தால் வழுக்கும், குறைந்தால் எரியும். இறுதியில் முறுக்குவிசை மாற்றியைப் பொருத்தும்போது, அதைத் திருப்பித் திருப்பித் தள்ளி, அது முழுதும் உட்கார்ந்துவிட்டதை உறுதி செய்துகொண்ட பிறகே பெட்டியைப் பொறியோடு இணைக்கிறான். அந்தப் பொறுமை இல்லாமல் திருகாணிகளை முறுக்கி இழுத்தால், எண்ணெய் இறைக்கும் பம்பு உடைந்து, வாரக்கணக்கான உழைப்பு ஒரு நொடியில் பாழாகிவிடும்.

இது தேர்வில்லையா? வினாத்தாள் இல்லை, மேற்பார்வையாளர் இல்லை, ஊகித்துக் கட்டத்தைக் கருமையாக்கும் வழியில்லை. சாவியைத் திருப்பும் கணத்தில் விடை தானாகவே வெளிப்படுகிறது. தவறான விடைக்குப் பாதிப் புள்ளி கிடையாது. இத்தகைய தேர்வில் தேறியவனை, நாற்பது புறவயக் கேள்விகளில் தேறவில்லை என்பதற்காகத் தள்ளிவைத்தது பள்ளிக்குப் பெருமையன்று.

மேடையில் மயில், வாசலில் ஏளனம்

தமிழர் பொறியியலில் சிறந்தோர் என்று முழங்காத இலக்கிய மேடை இந்நாட்டில் இல்லை. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் தேவி விசயையை ஏற்றி அனுப்பிய மயிற்பொறி எடுத்துரைக்கப்படுகிறது. பெருங்கதையில் உதயணனைச் சிறைப்படுத்திய பொறியானை வருகிறது. சிலப்பதிகாரம் கூறும் மதுரை மதிற்பொறிகளின் பட்டியல் ஒப்பிக்கப்படுகிறது. கைதட்டல் எழுகிறது. நல்லது.

ஆயின் அந்த மயிற்பொறியைச் செய்தவன் யார்? புலவனா, அமைச்சனா? கைவினைத் தச்சன். அவன் கையிலும் மெழுகும் எண்ணெயும் படிந்துதான் இருந்திருக்கும். காப்பியத்துத் தச்சனுக்குக் கைதட்டிவிட்டு, வெளியே வந்து, தன் மகிழுந்தைப் பழுதுபார்க்கும் இளைஞனிடம் ஒருமையில் பேசுகிறவர், அந்தக் காப்பியத்தைப் படிக்கவில்லை. மனப்பாடம் மட்டும் செய்திருக்கிறார். பழம்பெருமை என்பது இறந்த கைகளுக்கு மாலையிட்டு, உயிருள்ள கைகளைத் தட்டிவிடுவதன்று.

அண்மைக்கால வரலாறும் இதையே சொல்கிறது. கோவையின் ஜி.டி. நாயுடு (1893-1974) பள்ளிப்படிப்பை இளமையிலேயே கைவிட்டவர். உணவகத்தில் வேலை செய்து சேர்த்த பணத்தால் ஒரு மோட்டார்சைக்கிளை வாங்கி, அதைத் தானே பிரித்துப் பூட்டிக் கற்றார் என்பது அவர் வரலாற்றை எழுதுவோர் தவறாமல் குறிப்பிடும் செய்தி. 1920இல் ஒரே பேருந்தோடு பொள்ளாச்சி, பழநி வழித்தடத்தில் தொழில் தொடங்கியவர், பின்னர்ப் பெரும் போக்குவரத்து நிறுவனத்தையும் தொழிற்கூடங்களையும் நிறுவினார். 1945இல் தொழில்நுட்பக் கல்விக்கூடம் அமையவும் காரணரானார். பிரித்துப் பார்க்கும் ஆர்வத்தைக் குறும்பு என்று யாரேனும் அடித்து அடக்கியிருந்தால், கோவையின் தொழில் வரலாற்றில் ஓர் இயல் குறைந்திருக்கும்.

யாழ்ப்பாணத்தைப் பார்க்கலாம். 1990களில் போரும் பொருளாதாரத் தடையும் சூழ்ந்து, பெட்ரோல் கிடைக்காதபோது, அங்குள்ள தமிழர் பழைய ஆஸ்டின், மொரிஸ் வண்டிகளையும் மோட்டார்சைக்கிள்களையும் மண்ணெண்ணெயில் ஓட்டினர். சில துளி பெட்ரோலைக் கொண்டு பொறியைச் சூடாக்கிவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றும் உத்தியைப் பல்கலைக்கழகம் கற்பிக்கவில்லை, பட்டறைகள் கண்டுபிடித்தன. உதிரிப்பாகம் வராத மண்ணில், பிரித்துப் பூட்டத் தெரிந்த கைகளே ஓட்டத்தை நிறுத்தாமல் காத்தன.

மறுப்போர் கூற்றும் விடையும்

இதற்கு மூன்று மறுப்புகள் எழும்.

முதல் மறுப்பு வணிகர் கூறுவது. "தானியங்கிக் கியர் வீட்டில் திறக்கத்தக்கதன்று, திறந்தால் தொலைந்தது." இதில் பாதி உண்மை உண்டு. உரிய கையேடு இல்லாமல், உரிய கருவி இல்லாமல் திறப்பவன் வண்டியையும் பணத்தையும் இழப்பான். வெறும் ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டிக்கு அடியில் நுழைபவன் உயிரையே இழக்கக்கூடும். ஒரு மாதிரிக்குரிய எண்ணெயை மற்றொன்றுக்கு ஊற்றுவதும், வார்ப்பட்டையால் இயங்கும் சி.வி.டி. பெட்டியைப் பற்சக்கரப் பெட்டிபோல் நடத்துவதும் அறியாமை. பழைய எண்ணெயை வடிகாலில் ஊற்றிக் கிந்தா ஆற்றுக்கு அனுப்புவது குற்றம். ஆயின் இவையெல்லாம் கற்பிக்க வேண்டியதற்குக் காரணங்களேயன்றித் தடுக்க வேண்டியதற்குக் காரணங்களல்ல. நீரில் மூழ்கலாம் என்பதற்காக நீச்சலை மறைத்து வைப்பதில்லை. 'திறக்காதே' என்னும் எச்சரிக்கை பாதி பாதுகாப்புக்காகவும், பாதி விற்பனைக்காகவும் எழுதப்படுவது. இரண்டையும் பிரித்தறியும் அறிவைக் கொடுப்பதே கல்வி.

இரண்டாம் மறுப்பு மொழி பற்றியது. "தொழில்நுட்பம் ஆங்கிலத்துக்குரியது, தமிழில் அதற்கு இடமில்லை." 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை தமிழ்ப்பள்ளிகளுக்கும் வந்து, சில ஆண்டுகளுக்குப்பின் படிப்படியாகக் கைவிடப்பட்டது. கொள்கை போனாலும் அதை ஏற்றுக்கொண்ட மனப்பான்மை போகவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில், அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார். உடற்கூற்று நூல்களைத் தமிழில் ஆக்குவித்தார். அவரிடம் தமிழில் பயின்றோர் மருத்துவராகத் தொழில் செய்தனர். எலும்பும் நரம்பும் தமிழில் அடங்கும்போது பற்சக்கரமும் விற்சுருளும் அடங்காதா? கியர், கிளட்சு, வால்வு போன்ற வழக்குச் சொற்களைத் தமிழெழுத்தில் ஏற்றுக்கொள்வதால் மொழி அழிந்துவிடாது. வினையும் வேற்றுமையும் தமிழாய் இருக்கும்வரை வாக்கியம் தமிழே. தனித்தமிழ்ச் சொல் கிடைக்கும்வரை வாய்மூடி இருப்பது தூய்மையன்று, ஊமைத்தனம்.

மூன்றாம் மறுப்பே வலியது. அது ஆசிரியர் நெஞ்சிலிருந்து வருவது. "தோட்டத்தில் மூன்று தலைமுறை கைவேலை செய்தது போதாதா? வெட்டுக்கத்தியைப் பிடித்த கை பேனாவைப் பிடிக்கட்டும் என்றல்லவா தமிழ்ப்பள்ளி எழுந்தது? மீண்டும் கைவேலையைப் புகழ்ந்து பிள்ளைகளைப் பின்னுக்குத் தள்ளுவதா?" இந்தக் கேள்வியில் கண்ணீர் இருக்கிறது, அதை ஏளனம் செய்பவன் வரலாறு அறியாதவன். கிராணியின் பேரேட்டில் எண்ணாக மட்டும் வாழ்ந்த மக்கள், எழுத்தை விடுதலை என்று கருதியதில் தவறில்லை.

ஆயின் தோட்டத்தில் நிகழ்ந்த அநீதி எது என்று தெளிவாகக் காண வேண்டும். பால்வெட்டுக் கையால் செய்யப்பட்ட வேலை என்பது அநீதியன்று. விடியுமுன் இருளில் நின்று, மரத்தின் உயிர்ப்படலத்தைக் காயப்படுத்தாமல், பட்டையைச் சீவிப் பால்நாளங்களை மட்டும் திறந்துவிடும் அந்த வெட்டு, மில்லிமீட்டர்க் கணக்கு. ஆழம் குறைந்தால் பால் குறையும். மிகுந்தால் மரம் புண்படும். அந்த நுட்பத்தைத் துரை அறிவு என்று மதிக்கவில்லை. பாலின் எடையை மட்டும் நிறுத்தார். அறிவு இருந்தது, அதற்குப் பெயரில்லை, சான்றில்லை, கூலியில்லை, உடைமையில்லை. அநீதி அதுதான். 1960இல் துன் வீ.தி. சம்பந்தனார் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, தொழிலாளியிடம் வேலையை விட்டு ஓடு என்று சொல்லவில்லை. வேலை செய்யும் நிலத்துக்கு நீயே பங்காளியாகு என்று சொன்னார். சிறு தொகைகளைச் சேர்த்துத் தோட்டம் வாங்கிய அந்த இயக்கத்தின் கருத்து, கையை உதறுவதன்று. கையின் உழைப்புக்கு உரிமையைத் தேடுவது.

அப்படியிருக்க, இன்றைய பட்டறை இளைஞனின் நுட்பத்தை அறிவென்று ஏற்காமல், அவன் வாங்கும் சம்பளத்தை மட்டும் நிறுத்துப் பார்க்கும் ஆசிரியர், தாம் அறியாமலே அன்றைய துரையின் தராசைக் கையில் எடுத்துக்கொள்கிறார்.

சான்றும் சொல்லும்

இங்கேதான் மொழியாசிரியரின் கடமை நுழைகிறது. மலேசியாவில் திறன்களுக்குச் சான்றளிக்கும் முறை உண்டு. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம் அதற்கு அடித்தளம். மலேசியத் திறன் சான்றிதழ் படிநிலைகளாக உயர்ந்து பட்டயம் வரை செல்கிறது. பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து பெறலாம். தொழிலனுபவம் மட்டும் உடையவர், முன்னர் எய்திய திறனுக்கு ஏற்பு வழங்கும் வழியிலும் அதனைப் பெறலாம். இரண்டாவது வழி, முற்றத்தில் கற்றவனுக்கென்றே திறந்த கதவு.

ஆனால் அக்கதவில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. தான் செய்த வேலைகளுக்கான சான்றுகளைத் திரட்டி, எதை, ஏன், எந்த வரிசையில், எந்த அளவில் செய்தான் என்பதை ஒழுங்குபட எடுத்துரைக்க வேண்டும். தேசிய மொழியில் அதை எழுத வேண்டியிருக்கலாம். எம்மொழியில் எழுதினாலும் செய்ததைச் சொல்லாக்கும் ஆற்றல் ஒன்றே. பெட்டியைப் பூட்டத் தெரிந்த இளைஞன் இந்தப் படியில் தடுக்கி நிற்கிறான் என்றால், தவறு அவன் கையில் இல்லை. ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் அமர்ந்திருந்தபோது, அவனுக்கு நிலாவைப் பற்றி எழுதக் கற்பித்தார்கள். கடற்கரையில் கழித்த மாலைப்பொழுதை எழுதக் கற்பித்தார்கள். மரபுத்தொடர்களை வரிசைப்படுத்தி அலங்கரிக்கக் கற்பித்தார்கள். மிதிவண்டிச் சங்கிலி கழன்றால் எப்படிப் பூட்டுவது என்பதைப் பிறர் படித்துச் செய்யத்தக்க வகையில் பத்து வரி எழுது என்று யாரும் கேட்கவில்லை.

அலங்காரத்தைக் கற்பித்துத் தெளிவைக் கற்பிக்காத மொழிக்கல்வி, பொட்டிட்டுக் கண்ணைக் கட்டுவதற்கு ஒப்பாகும். 'என் இலட்சியம்' என்று தலைப்பிட்டால், மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர் என்னும் மூன்று கனவுகளையே வகுப்பு முழுவதும் எழுதுகிறது. அவற்றை மாணவன் எண்ணி எழுதவில்லை. எதற்குப் புள்ளி கிடைக்கும் என்று அறிந்து எழுதுகிறான். பழுதுபார்ப்போனாக விரும்புகிறேன் என்று உண்மையை எழுதுகிற பிள்ளைக்கு, ஆசிரியரின் சிவப்பு மை என்ன சொல்லும்?

தஞ்சோங் மாலிம் நகரைச் சற்று நினைக்க வேண்டும். 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தோன்றி, இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக விளங்கும் கூடம் அங்கே இருக்கிறது. தமிழ்மொழிக் கல்வியும் அங்கே கற்பிக்கப்படுகிறது. அதே வட்டாரத்தில் 2003இல் திறக்கப்பட்ட புரோட்டோன் தொழிற்சாலையும் இருக்கிறது. ஒருபுறம் தமிழாசிரியர் உருவாகின்றனர். மறுபுறம் மகிழுந்து உருவாகிறது. இரண்டுக்கும் இடையே சில கல் தொலைவுதான். மனத்தளவில் இருப்பதோ பெருங்கடல். ஈப்போவில் 1969இல் நாட்டின் முதல் பல்தொழில் நுட்பக் கல்லூரியாகத் தொடங்கிய உங்கு ஓமார் கல்லூரி இருக்கிறது. தொழிற்பயிற்சிக் கழகமும் இருக்கிறது. பேராவின் தமிழ்ப்பள்ளி ஒன்றின் ஆறாம் ஆண்டு மாணவர், பல்கலைக்கழகத்தைச் சுற்றிப்பார்க்கப் பேருந்தில் அழைத்துச் செல்லப்படுவதுபோல், இந்தக் கூடங்களின் பட்டறைக்கும் அழைத்துச் செல்லப்பட வேண்டாமா?

ஆசிரியர் முன் உள்ள வேலை

செய்யத்தக்கவை அரியனவல்ல. 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்னும் பாடம் தமிழ்ப்பள்ளிகளின் கால அட்டவணையில் ஏற்கெனவே இருக்கிறது. தேர்வு நெருங்கும்போது அந்த நேரத்தைப் பிடுங்கி வேறு பாடத்துக்குக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்துவது முதற்படி. மொழிப்பாடத்தில் செயல்முறை விளக்கத்துக்குக் கட்டுரைத் தகுதி அளிப்பது இரண்டாம் படி. பழுதான மின்விசிறி, மிதிவண்டி, புல்வெட்டும் இயந்திரம் ஆகியவற்றைப் பிரித்து, அவற்றின் உறுப்புகளை மாணவரே பெயரிட்டு வரைந்து எழுதச் செய்வது மூன்றாம் படி. அவற்றுள் எது கருவி, எது வினை, எது விளைவு என்று சுட்டும்போதே மூன்றாம் வேற்றுமையும் நான்காம் வேற்றுமையும் உயிர்பெறும். தொழிலில் தேர்ந்த முன்னாள் மாணவரைப் பள்ளி விழாவுக்கு அழைத்து, நன்கொடை கேட்பதற்காக அல்லாமல், பேசுவதற்காக மேடையேற்றுவது நான்காம் படி. அவர் பேசுவதை மாணவர் குறிப்பெடுத்தால், தமிழில் இதுவரை எழுதப்படாத சொற்கள் பல ஏட்டில் ஏறும்.

பட்டதாரி வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தமிழ்ப்பிள்ளை மருத்துவனாகட்டும், வழக்கறிஞனாகட்டும், பொறியியல் பட்டம் பெற்றுத் தஞ்சோங் மாலிமில் வடிவமைப்பாளனாகவும் ஆகட்டும். அவனும் எங்கேனும் ஒரு நாள் ஒரு பெட்டியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். திறந்து பார்க்கும் துணிவும், திறந்ததை மீண்டும் பூட்டும் பொறுமையும், பூட்டியதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும் மொழியும் சேர்ந்ததே கல்வி. இம்மூன்றில் முதலிரண்டை அந்தப் பட்டறை இளைஞன் யாருடைய உதவியும் இன்றித் தானே தேடிக்கொண்டான். மூன்றாவதைக் கொடுக்க வேண்டியவர் ஆசிரியர். அந்தக் கடன் இன்னும் தீர்க்கப்படவில்லை.

இனியேனும் "படிக்காவிட்டால் பட்டறைக்குப் போவாய்" என்னும் வாக்கியம் தமிழ்ப்பள்ளியின் வாசலைத் தாண்டி உள்ளே வராதிருக்கட்டும். அதற்கு மாறாக, "பட்டறைக்குப் போவதானாலும் படித்துவிட்டுப் போ, படித்ததை அங்கே கையால் எழுது" என்று சொல்லும் ஆசிரியர் ஒவ்வொரு பள்ளிக்கும் ஒருவர் கிடைத்தால் போதும். எண்ணெய் படிந்த கைகளைச் சவர்க்காரம் கழுவிவிடும். அந்தக் கைகளின்மேல் சமுதாயம் பூசிய அவமதிப்பைக் கழுவ வேண்டியவர்கள், அதைப் பூசக் கற்பித்தவர்களே.